பதக்கம் தந்த கையே தலைக்கு விலை வைத்தது

மலாயாவில், எங்கள் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டங்களில் 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்கார துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் அரசும் கம்யூனிஸ்டுகளும் மோதிய அவசரகாலம் அப்படித்தான் தொடங்கியது. அப்போது மலாயா கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவராக இருந்த சின் பெங்கின் கதையைப் பலரும் அங்கிருந்துதான் சொல்கிறார்கள்.

அவர் சித்தியவானில் சைக்கிள் கடைக்காரர் மகன். ஜப்பான்காரன் காலத்தில், நீர்மூழ்கிக் கப்பலில் ரகசியமாக வந்திறங்கிய பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குத் துணை நின்றவர். 1946-இல் சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டனே பதக்கம் கொடுத்தார். ஓ.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருதும் அறிவித்தார்கள். அப்புறம் அவர் கட்சி காட்டுக்குள் போய் ஆயுதம் ஏந்தவும், அதே அரசு விருதைப் பறித்து, தலைக்கு 250,000 வெள்ளி (மலாயா டாலர்) விலை வைத்தது.

வீரர் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் ஆட்கள் கொன்றவர்களில் தோட்டத் தொழிலாளிகளும் உண்டு. இந்தப் பக்கம் அரசு, தொழிலாளிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டது. காட்டில் இருந்த அவர் ஆட்களுக்குச் சோறு போகிறதா என்று கித்தா (ரப்பர்) வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்த்தது. நம் சனங்கள் இரண்டு பக்கத்துக்கும் பயந்து பிழைத்தார்கள்.

ஆனால் துரோகி என்று ஒரே சொல்லில் முடிக்கவும் முடியவில்லை. 1989-இல் தாய்லாந்தின் ஹட்யாயில் சமாதானம் கையெழுத்தாகியும் மலேசிய அரசு அவரை ஊர் திரும்ப விடவில்லை. 2013-இல் பாங்காக்கில் இறந்தார். பெற்றோர் கல்லறையைக் கும்பிடவாவது அவரை வரவிட்டிருக்க வேண்டும்.