முன்னாள் சாம்பியன்கள் பெட்டி

தமிழ் நாளிதழ் ஒன்றின் விளையாட்டு டெஸ்கில் கோல்ஃப் செய்தி பார்ப்பவனுக்கு ஆபீசில் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. கிரிக்கெட் போக, கால்பந்து போக, செஸ் போக, கடைசி நேரத்தில் விளம்பரம் எதுவும் வந்து விழாமல் இருந்தால் ஒரு சிங்கிள் காலம் (பத்தி) இடம். ஏப்ரல் மாதத்தில் அதுவும் சந்தேகம், ஐபிஎல் பக்கத்தையே விழுங்கிவிடும். அந்த ஏப்ரலில்தான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அகஸ்டா நேஷனல் கிளப்பில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கிறது.

நேரமும் ஒத்து வராது. அங்கே ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஆட்டம் முடிந்தால் இங்கே திங்கள் அதிகாலை நாலரை. அதற்குள் பேப்பர் அச்சாகி வண்டி ஏறியிருக்கும். ஆகவே திங்கட்கிழமை பேப்பரில் மூன்றாவது சுற்று நிலவரம்தான் போகும். முடிவு இல்லாத செய்தி மொட்டையாகத் தெரியும் என்பதால் பக்கத்தில் ஒரு பெட்டி: முன்னாள் சாம்பியன்கள். ஆண்டு, பெயர், நாடு. இடம் இருந்தால் 1934 முதல், இல்லாவிட்டால் கடைசிப் பத்து வருடம். "போன வருஷ ஃபைலைத் திற தம்பி, கீழே ஒரு வரி சேரு, அவ்வளவுதான் வேலை" என்று சொல்லித்தான் எங்கள் சீனியர் அதை என் தலையில் கட்டினார்.

ஒரு வரி சேர்க்கும் வேலைதான். ஆனால் மேலே இருப்பதையும் சரிபார்க்க வேண்டுமே. முழுப் பட்டியலையும் போட்ட ஒரு வருடம், 1942க்கு அப்புறம் நேராக 1946 வருகிறதே, நடுவில் மூன்று வருஷத்தை விட்டுவிட்டீர்களா என்று கேட்டு ஒரு வாசகர் போன் செய்தார். விடவில்லை. உலகப் போர், போட்டியே நடக்கவில்லை. அந்த நாட்களில் உலகம் பார்த்து ஏங்கும் அந்தப் புல்வெளியில் மாடுகளையும் வான்கோழிகளையும் வளர்த்தார்கள். இதை அவரிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு, அந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வரி 1968. பெயர் பாப் கோல்பி, அமெரிக்கா. படிக்கிறவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. அந்த ஆண்டு போட்டியின் கடைசி நாளன்று அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு 45ஆவது பிறந்தநாள். முந்தைய ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர். கடைசிச் சுற்றை 65 ஸ்ட்ரோக்குகளில், அதாவது 65 அடிகளில் முடித்தார்; கோல்ஃபில் அடி குறைந்தவரே முன்னால். கோல்பியோடு சமநிலை, மறுநாள் வெற்றியாளரை முடிவு செய்யும் பிளே-ஆஃப் ஆட வேண்டியது. கோல்ஃபில் ஒருவருடைய ஸ்கோரை அவரோடு ஆடுகிறவர்தான் எழுதுவார். ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உடன் ஆடிய டாமி ஆரன், 17ஆவது ஹோலில் (குழியில்) விசென்சோ எடுத்த 3ஐ 4 என்று எழுதிவிட்டார். விசென்சோ பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மைதானத்தில் நின்ற கூட்டமும் டிவி பார்த்தவர்களும் சாட்சி, அது 3தான். ஆனால் விதி கறார்: கூடுதலாக எழுதி ஒப்புக்கொண்டால் அந்தக் கூடுதல்தான் கணக்கு. 65 என்பது 66 ஆனது. ஒரே ஸ்ட்ரோக்கில் பட்டம் போனது.

புரூஃபில் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்புகிற எவருக்கும் இந்தக் கதை வயிற்றைக் கலக்கும். ஆனால் கோல்பியை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பாவமாக இருக்கிறது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. நன்றாக ஆடி, சரியாக எழுதிய ஸ்கோர் கார்டைக் கொடுத்தார். அதற்குத் திட்டிக் கடிதங்கள் வந்தன. இதே பட்டியலில் இன்னும் ஐந்து வரி கீழே இறங்குங்கள்: 1973, டாமி ஆரன். அதே ஆள்தான். அந்தக் கடைசிச் சுற்றில் அவருக்கு ஸ்கோர் எழுதிய ஜானி மில்லர், 13ஆவது ஹோலில் 4க்குப் பதில் 5 என்று போட்டுவிட்டார். ஆரன் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் நாமே நம்ப மாட்டோம்.

2000இல் விஜய் சிங் வென்றபோது மட்டும் எனக்குச் செவ்வாய்க்கிழமை பேப்பரில் மூன்று காலம் கிடைத்தது. "நம்ம ஊர்ப் பேரா இருக்கே" என்றார் செய்தி ஆசிரியர். ஃபிஜிக்காரர் சார், இந்திய வம்சாவளி என்றேன். அந்த வம்சாவளி தலைப்பிலேயே ஏறிவிட்டது. 2007இல் ஜீவ் மில்கா சிங் அங்கே ஆடிய முதல் இந்தியர் ஆனபோதும் கொஞ்சம் இடம் கிடைத்தது. மற்றபடி பெட்டிதான்.

எந்தப் போட்டிக்கும் முன்னாள் சாம்பியன்கள் உண்டு. ஆனால் அகஸ்டாவில் அவர்களை நடத்துகிற விதமே வேறு. ஒரு முறை வென்றால் ஆயுள் முழுக்க அழைப்பு. 1949இல் வென்ற சாம் ஸ்னீட் காலத்திலிருந்து வெற்றியாளருக்குப் பச்சைக் கோட்டு. ஒரு வருடம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், அப்புறம் கிளப்பில்தான் தொங்கும். பென் ஹோகன் 1952இல் தொடங்கிவைத்த விருந்து இன்றும் போட்டிக்கு முந்தைய செவ்வாய் இரவு நடக்கிறது. சாம்பியன்களும் கிளப்பின் தலைவரும் மட்டும். மெனு போன வருட வெற்றியாளர் இஷ்டம், பில்லும் அவருடையது. டைகர் உட்ஸ் 1998இல் சீஸ்பர்கரும் மில்க்‌ஷேக்கும் வைத்தார், ஸ்காட்லாந்தின் சாண்டி லைல் ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்யும் ஹேகிஸ் வைத்தார். சாம்பியன்களுக்கெனத் தனி லாக்கர் அறை. ஒரு லாக்கருக்கு இரண்டு பேர். உட்ஸின் பங்காளியாக இருந்தவர் 1956 சாம்பியன் ஜாக்கி பர்க். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. லாக்கர் கதவில் உட்ஸ் பெயரோடு அவர் பெயரும் இருந்தது.

எங்கள் தொழிலில் ஓய்வு பெறுகிறவருக்கு ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ. அடுத்த மாதம் அவர் சும்மா பார்க்க வந்தால் வாசலில் விசிட்டர் சீட்டு எழுதச் சொல்வார்கள். நாற்பது வருடம் அந்தப் பேப்பரின் பிழைகளைத் திருத்தியவர், 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். எனவே அகஸ்டாவின் வழக்கம் எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அங்கேயும் சிக்கல் வந்தது. ஆயுள் அழைப்பு என்றால் ஆட முடியாத வயதிலும் ஆடலாமா? 2002இல் கிளப் தலைவர் மூன்று பழைய சாம்பியன்களுக்கு, இனி ஆட வேண்டாம் என்று கடிதம் போட்டார்: பில்லி கேஸ்பர், கே புரூவர், டக் ஃபோர்ட். 65 வயது வரம்பும் அறிவிக்கப்பட்டது. பலமுறை பட்டம் வென்ற ஜாக் நிக்லஸும் ஆர்னால்ட் பால்மரும் தலையிட்டார்கள். 2003இல் அந்த வரம்பு கைவிடப்பட்டது.

2005இல் கேஸ்பர் வந்தார். 1970 சாம்பியன், வயது 73. 16ஆவது ஹோலில் ஐந்து பந்துகளைத் தண்ணீரில் போட்டு அந்த ஒரு ஹோலுக்கே 14. மொத்தம் 106. கார்டைக் கொடுக்காமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதனால் 106 என்பது பதிவில் ஏறவில்லை. போட்டியிலிருந்து விலகினார் என்றுதான் இருக்கிறது. அன்று டெஸ்கில் ஒரே விவாதம். "மானம் போகுதுல்ல, வீட்டில் இருக்கலாமே" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழைத்தார்கள், வந்தார், ஆசை தீர ஆடினார், கணக்கை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. பந்து அவருடையது, தண்ணீரும் ஒரு வகையில் அவருடையதுதான்.

ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் வேறு மாதிரி. 1985, 1993 என்று இரண்டு வரிகள் அவருக்கு. 2025தான் கடைசி என்று தானே சொல்லிவிட்டு 67 வயதில் ஆட வந்தார். கடைசி ஹோலில் ஒரு ஸ்ட்ரோக் கூடிப்போக, அந்த ஒன்றிலேயே வார இறுதிச் சுற்றுகளுக்கான தகுதி போனது. இப்போது பெட்டியைப் பார்த்துக்கொள்கிற பையன் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டான்: "ஒரே ஸ்ட்ரோக்தானே சார், அடுத்த வருஷமும் கூப்பிடுவாங்கல்ல, வரலாமே?"

கூப்பிடுவார்கள், ஆடத்தான் மாட்டார் என்றேன். செவ்வாய்க்கிழமை விருந்துக்கு வரலாம், இந்த வருடம் வென்ற ரோரி மெக்கில்ராய் பில் கட்டுவார்.