ஜெனரேட்டரில் எந்தெந்த சர்க்யூட்டுகளைச் சேர்ப்பது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அந்நாள்களில் மக்களை இருட்டைவிட அதிகமாக வாட்டியது தண்ணீர்த் தட்டுப்பாடு. போர் மோட்டார் ஓடாமல் மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவந்து தொட்டி நிரப்பித் தருபவருக்காகத் தெருவே காத்திருந்தது. அதனால், எங்கள் வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்குவதென்று முடிவானதும் மோட்டாரிலிருந்தே கணக்கைத் தொடங்கினேன்.

ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் 1 எச்.பி. மோட்டாருக்கு 1 கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் அளவு) ஜெனரேட்டர் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 746 வாட் என்பது மோட்டார் வெளியே தரும் திறன். அதற்காக அது உள்ளே இழுப்பது ஏறத்தாழ 1,100 வாட். கிளம்பும் கணத்திலோ, ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். சிறிய ஜெனரேட்டர் அந்த இழுப்பைத் தாங்காமல் வோல்ட்டேஜ் சரிந்து, மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நிற்கும். அப்படியே விட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். 1 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாரை நம்பிக்கையாக ஓட்ட 5 கே.வி.ஏ. வரை தேவைப்படுவது இதனால்தான். எங்கள் வீட்டில் சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தொட்டி) தண்ணீரை மேலேற்றத் தனியாக அரை எச்.பி. மோட்டார் இருப்பதால், போர் மோட்டாரை விட்டுவிட்டு அதை மட்டும் சேர்த்தோம், 3 கே.வி.ஏ. போதுமானதாயிற்று. புயல் எச்சரிக்கை வந்தவுடன் சம்ப்பை நிரப்பிவிட வேண்டும் என்பது இதற்கு நிபந்தனை.

அடுத்தது ஃபிரிட்ஜ். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய வீட்டில் இதற்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர் தாங்கும் என்பதால், நாள் முழுவதும் ஓட்ட வேண்டியதில்லை. விளக்குகளும் மின்விசிறிகளும் மிகக் குறைவாகவே இழுப்பவை. அவற்றைத் தயங்காமல் சேர்க்கலாம். ஏ.சி., கீஸர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றை நான் அறவே ஒதுக்கிவிட்டேன்.

சிக்கல் எழுவது, வீட்டுக்குள் வரும் மின்சாரத்தைப் பல சர்க்யூட்டுகளாகப் பிரிக்கும் டி.பி. பாக்ஸைத் திறக்கும்போதுதான். நாம் யோசிப்பது பொருள் பொருளாக. வயரிங் ஓடுவதோ சர்க்யூட் சர்க்யூட்டாக. ஒவ்வொரு எம்.சி.பி.யாக (ஒரு சர்க்யூட்டைக் காக்கும் சுவிட்ச்) அணைத்து எது எது நிற்கிறது என்று எழுதிப் பார்த்தால், ஃபிரிட்ஜும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே சர்க்யூட்டில் இருப்பது தெரியவரும். எங்கள் எலக்ட்ரீஷியன் ஃபிரிட்ஜுக்குத் தனி வயர் இழுத்தார். மாடிப்படி விளக்கில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்: அதன் பேஸ் ஒரு சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரல் வேறொரு சர்க்யூட்டிலிருந்தும் வந்திருந்தது. பழைய வீடுகளில் இது சாதாரணம். அதை அப்படியே ஜெனரேட்டருக்கு மாற்றினால் விளக்கு எரியாது, அல்லது மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும்; ஆகவே தேர்ந்தெடுத்த சர்க்யூட்டுகளின் நியூட்ரல்களையும் தனியே பிரித்தாக வேண்டும்.

பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மின்வாரிய லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு இணைக்கவே கூடாது. இரு முனையிலும் பிளக் வைத்த வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகினால், நம் மின்சாரம் மீட்டர் வழியே வெளியேறி, டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாக மாறி, கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேனின் உயிரைப் பறித்துவிடும். ஜெனரேட்டரின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருப்பதால் அதைத் திண்ணையிலோ ஜன்னலோரத்திலோகூட வைப்பதில்லை. கொல்லைப்புறத்தில் தள்ளியே வைக்கிறோம்.

ஓட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. எல்லா எம்.சி.பி.களையும் அணைத்துவிட்டு ஜெனரேட்டரைக் கிளப்பி, ஓட்டம் சீரானதும் மோட்டாரை மட்டும் போட்டுத் தொட்டியை நிரப்புகிறோம். அது நின்ற பிறகே ஃபிரிட்ஜ், அதன் பிறகு விளக்குகள்.