ஏழாம் சுற்றோடு நின்ற பலகை

2020 மார்ச் 26 அன்று ரஷ்யாவின் யெகாதரின்பர்க் நகரில், உலகச் செஸ் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் எட்டாவது சுற்று நடக்கவில்லை. அரங்குக்குள் கொரோனாத் தொற்று வந்ததால் அல்ல. மறுநாள் முதல் வெளிநாட்டு விமானங்களை நிறுத்துவதாக ரஷ்ய அரசு அறிவித்திருந்தது. ஆடிக்கொண்டிருந்த எட்டுப் பேரில் ஐவர் வெளிநாட்டவர். இன்னும் ஏழு சுற்றுகளை ஆடி முடித்தபின் அவர்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்று யாராலும் உறுதி தர முடியவில்லை. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேவின் தலைவர் அர்காடி த்வோர்கோவிச் போட்டியை நிறுத்தினார்.

நிறுத்தியதைவிட, நிறுத்தியபோது சொன்ன இன்னொன்றுதான் முக்கியம். முடிந்த ஏழு சுற்றுகளின் முடிவுகள் செல்லும், மீண்டும் தொடங்கும்போது எட்டாவது சுற்றிலிருந்து தொடங்கும் என்று அன்றே அறிவித்தார்கள். அப்போது ரஷ்யாவின் நெபோம்நியாச்சியும் பிரான்ஸின் வாஷியே-லக்ராவும் தலா 4.5 புள்ளிகளுடன் முன்னணியில் இருந்தார்கள். இந்த அறிவிப்பு ஒரு மாதம் தள்ளி வந்திருந்தால், முன்னால் நின்றவர்களும் பின்தங்கியவர்களும் ஆளுக்கொரு நியாயத்தோடு வந்து நின்றிருப்பார்கள். போட்டி விதிகளில் ஒரு பிரிவு இருந்தது: விதியில் சொல்லப்படாத, எதிர்பாராத சூழ்நிலை வந்தால் இறுதி முடிவு தலைவருடையது. அந்தப் பிரிவைக் கொண்டுதான் காலையில் எடுத்த முடிவு அன்றைக்கே நடைமுறைக்கு வந்தது. மாவட்டச் சங்கம் நடத்துகிறவர்கள்கூடத் தங்கள் போட்டி அறிவிப்பில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இருக்காது.

போட்டியைத் தொடங்கியதே சரியா என்பது தனிக் கேள்வி. 2019 உலகக் கோப்பையை வென்று தகுதி பெற்றிருந்த அஜர்பைஜானின் ரஜபோவ், நோய்ப் பரவலைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கச் சொன்னார். ஃபிடே மறுத்தது. அவர் விலகினார், அந்த இடம் வாஷியே-லக்ராவுக்குப் போனது. சீனாவிலிருந்து வந்த டிங் லிரென், ரஷ்யாவில் இரண்டு வாரம் தனிமையில் இருந்துவிட்டு வந்து முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றார். போட்டி பாதியில் நின்றபோது ரஜபோவ் சொன்னது சரியென்று ஆகிவிட்டது. ஆனால் வாஷியே-லக்ராவை எழுப்பிவிட்டு அவரை உட்காரவைக்கவும் முடியாது. ஃபிடே பின்னால் ரஜபோவுக்கு 2022 கேண்டிடேட்ஸில் நேரடி இடம் கொடுத்தது. ஒருவருக்கு இழைத்த தவறைச் சரிசெய்ய இன்னொருவரின் இடத்தைப் பறிக்காமல், அடுத்த சுழற்சியில் ஒரு நாற்காலியை ஒதுக்கினார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இருந்திருக்காது. அதற்கும் ஒரு விலை உண்டு: அந்தச் சுழற்சியில் தகுதிப் போட்டிகள் வழியாக நிரப்பக்கூடிய இடங்களில் ஒன்று குறைந்தது.

மீதி ஏழு சுற்றுகள் 2021 ஏப்ரல் 19 அன்றுதான் தொடங்கின. இடையில் 2020 நவம்பர் 1 என்று ஒரு தேதி குறித்து, அதையும் தள்ளினார்கள். கிட்டத்தட்ட பதின்மூன்று மாத இடைவெளி. நெபோம்நியாச்சி 8.5 புள்ளிகளுடன் வென்றார்.

ஒரு போட்டி தள்ளிப்போனால் அந்த ஒன்று மட்டும் தள்ளிப்போவதில்லை. கேண்டிடேட்ஸ் முடியாமல் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனின் எதிராளி யாரென்று தெரியாது. எதிராளி தெரியாமல் உலகப் பட்டப் போட்டி இல்லை. அது 2020 டிசம்பரில் துபாயில் நடக்க வேண்டியது. நல்லவேளையாக, அது துபாய் எக்ஸ்போ என்ற உலகக் கண்காட்சியோடு பிணைக்கப்பட்டிருந்தது. எக்ஸ்போவே ஓராண்டு தள்ளிப்போனதால் பட்டப் போட்டியும் கூடவே நகர்ந்து 2021 நவம்பர், டிசம்பரில் நடந்தது. இடம் கொடுப்பவரும் பணம் கொடுப்பவரும் அதே காரணத்துக்காகத் தள்ளிவைக்கும்போது ஒப்பந்தத்தைத் திருத்துவது சுலபம். தனித்தனிக் காரணம் என்றால் வழக்கறிஞர்கள் வந்துவிடுவார்கள்.

நேரடிப் பலகைகள் மூடிக் கிடந்த மாதங்களில் ஃபிடேவுக்கு இன்னொரு சிக்கல். இணைய செஸ் அதன் கையில் இல்லை. ஆட்டக்காரர்கள் கூடும் தளங்கள் தனியார் நிறுவனங்களுடையவை. 2020 ஏப்ரலிலேயே கார்ல்சன் பெயரில் 2,50,000 டாலர் பரிசுத் தொகையோடு ஓர் இணையப் போட்டி தொடங்கிவிட்டது. ஃபிடே தனித்து ஒரு தளம் கட்டிக்கொண்டிருந்தால் ஆண்டு முடிந்திருக்கும். செஸ்.காம் தளத்தோடு சேர்ந்து மே 5 முதல் 10 வரை ஆறு அணிகள் ஆடிய நேஷன்ஸ் கப்பை நடத்தியது. இந்திய அணிக்காக ஆடிய விஸ்வநாதன் ஆனந்த் அப்போது ஜெர்மனியில் மாட்டிக்கொண்டிருந்தார். மார்ச்சில் திரும்ப வேண்டியவர், மே இறுதியில்தான் இந்தியா வந்தார். நேஷன்ஸ் கப்பை சீனா வென்றது.

பெரிய சோதனை அதற்குப் பிறகு வந்தது. நாடுகள் அணிகளாக மோதும் ஒலிம்பியாட் ஆகஸ்டில் மாஸ்கோவில் நடக்கவிருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, அதே கோடையில் இணைய ஒலிம்பியாடை நடத்தினார்கள். 163 அணிகள் ஆடின. வடிவமைப்பைப் பாருங்கள். அணிக்கு ஆறு பலகை: இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், 20 வயதுக்குட்பட்ட ஒரு பையன், ஒரு பெண். ஓர் ஆட்டத்தில் ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 5 நொடி. நீண்ட ஆட்டம் வைத்தால் மோசடிக்கும் இணைப்புக் கோளாறுக்கும் நேரம் கொடுத்ததாகும். 3 நிமிட பிளிட்ஸ் வைத்தால் அது ஒலிம்பியாடாக இருக்காது. உச்சப் பிரிவில் பத்து அணிகள் கொண்ட நான்கு குழுக்கள். குழு பிரிக்கும்போது நேர மண்டலத்தையும் பார்த்தார்கள். இந்தியா இருந்த ஏ குழுவில் சீனா, மங்கோலியா, வியட்நாம், இந்தோனேசியா, ஈரான், உஸ்பெகிஸ்தான் எல்லாம் இருந்தன. யாரையும் விடியற்காலை மூன்று மணிக்கு ஆட வைக்காமல் இருப்பதும் நியாய ஆட்டத்தில் சேர்த்திதான்.

பிறகு இணைப்பு அறுந்தது.

காலிறுதியில் இந்தியாவும் ஆர்மீனியாவும் மோதின. முதல் ஆட்டத்தொடரில் ஆர்மீனிய ஆட்டக்காரர் ஒருவர் இந்தியாவின் நிகால் சரினுடன் ஆடும்போது இணைப்பு போய்த் தோற்றார். இந்தியா 3.5-2.5 என்று வென்றது. ஆர்மீனியா முறையிட்டது. இணைப்பு ஆட்டக்காரரின் பொறுப்பு என்பது விதி; முறையீடு நிராகரிக்கப்பட்டது. ஆர்மீனியா இரண்டாவது தொடரை ஆட மறுத்து வெளியேறியது.

இரண்டே நாளில், ஆகஸ்ட் 30 அன்று, இறுதிப் போட்டி. இந்தியா, ரஷ்யா. முதல் தொடர் 3-3. இரண்டாவது தொடரில் நிகால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு அறுந்து கடிகாரம் ஓடித் தோற்றார்கள். 4.5-1.5 என்று ரஷ்யாவுக்கு வெற்றி அறிவிக்கப்பட்டது. இந்தியா முறையிட்டது. அன்று இந்திய நேரப்படி மாலை மூன்றரை மணியளவில் அமெரிக்காவின் செஞ்சுரிலிங்க் வலையமைப்பில் ஒரு தவறான வடிகட்டு விதி பரவி, அதன் ரூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போய்விட்டன. அந்த வழியை நம்பியிருந்த, பல இணையதளங்களுக்குப் பின்னால் இயங்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் உட்பட உலகெங்கும் பல சேவைகள் தடுமாறின. முறையீட்டுக் குழு ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. த்வோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆர்மீனியர்களின் மனக்குறை புரியும். நமக்குக் கிடைத்த தங்கத்தை மதிப்பதற்கு அதைப் புரிந்துகொள்ளாமல் இருக்க வேண்டிய அவசியமில்லை. வித்தியாசம் உண்மையானதுதான்: ஒன்றில் கோளாறு ஓர் ஆட்டக்காரர் அளவில் நின்றது, மற்றொன்றில் கோளாறு உலகளாவியது, வெளியார் பதிவுகளாலேயே நிரூபிக்கக்கூடியது. ஆனால் அந்த வித்தியாசம் விதியில் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதாத வேறுபாட்டைத் தலைவர் தன் கையெழுத்தால் உண்டாக்க வேண்டியிருந்தது. எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும், விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது செய்தால் அது சலுகை போலத்தான் தெரியும்.

இணையப் போட்டி நடத்துகிறவர்கள் இந்த ஒரு பிரிவையாவது முன்கூட்டியே முழுதாக எழுதி வைக்க வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முதலில், தனி இணைப்புக் கோளாறு ஆட்டக்காரரின் பொறுப்பு, கடிகாரம் நிற்காது, நேரத்துக்குள் திரும்பி வந்தால் ஆட்டம் தொடரும். அடுத்து, பொதுக் கோளாறு எதுவென்று வரையறை: போட்டித் தளமே முடங்குவது, அல்லது ஒரே ஐந்து நிமிடத்துக்குள் வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு இணையச் சேவைகளில் இருக்கும் இரண்டு பேருக்கு மேல் துண்டிக்கப்படுவது. எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம். எண் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். பொதுக் கோளாறு என்று தலைமை நடுவர் அறிவித்தால் பாதிக்கப்பட்ட பலகைகள் மட்டும் அதே நிலையிலிருந்து, அதே கடிகார நேரத்தோடு தொடரும். ரேபிட் எனப்படும் விரைவு ஆட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தொடர விடக் கூடாது. ஆட்டக்காரர் நிலையை என்ஜினில், அதாவது சிறந்த நகர்த்தலைக் கணித்துச் சொல்லும் கணினி நிரலில், போட்டுப் பார்த்திருக்க அது போதும். அப்போது புதிய ஆட்டம்தான் வழி. முறையீட்டுக்குக் காலக்கெடு, தொடர் முடிந்து 15 நிமிடம். ஆதாரம் எதுவென்றும் சொல்லிவிட வேண்டும்: தளத்தின் சர்வர் பதிவு, கேமரா பதிவு. "எங்கள் வீட்டில் நெட் நன்றாகத்தான் இருந்தது" என்பது ஆதாரமாகாது. முறையீட்டுக் குழுவில் ஒற்றைப்படையாக ஆட்கள், பெரும்பான்மையால் முடிவு. குழு முடிவு எடுக்கத் தவறினால் தலைவரிடம் போகும் என்பதைக் கடைசி வரியாக வைக்கலாம், முதல் வழியாக அல்ல.

இன்னொன்று, நம் ஊர்களுக்கு முக்கியமானது. மின்சாரம் போகும்போது மடிக்கணினி ஓடிக்கொண்டே இருக்கும், ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்கு ஒரு சிறிய யூபிஎஸ், கையில் வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ஹாட்ஸ்பாட் என்று இரண்டையும் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு முறை ரவுட்டரை அணைத்து, ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி உள்ளே வர எத்தனை நொடி ஆகிறதென்று பார்க்க வேண்டும். அது ஒரு நிமிடத்தைத் தாண்டினால், நேர நெருக்கடியில் இருக்கும்போது காப்பாற்றாது.

மோசடித் தடுப்பு இதைவிடக் கடினம். முகத்துக்கு நேரே ஒரு கேமரா போதாது. திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அது காட்டாது. பக்கவாட்டில் கைப்பேசியை நிறுத்தி, திரையும் கைகளும் தெரியும்படி இரண்டாவது பார்வை வேண்டும். முழுத் திரைப் பகிர்வு, ஹெட்போன் கூடாது, தொடங்கும் முன் அறையைச் சுற்றிக் காட்டுவது, எழுந்து போக நடுவரிடம் அனுமதி. இவற்றை மீறினால் என்ன தண்டனை என்பதையும் எழுத வேண்டும். நகர்த்தல்கள் என்ஜினோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற புள்ளியியலை மட்டும் வைத்துத் தண்டிக்கும் ஆசை வரும். ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் தற்செயலாக இப்படி அமையும் என்ற அளவுகோலை வைத்து 1,000 பேரைச் சோதித்தால், ஒரு தவறும் செய்யாத ஒருவர் சராசரியாக அதில் மாட்டுவார். அந்த ஒருவர் பன்னிரண்டு வயதுக் குழந்தையாக இருக்கலாம். பெயரை வெளியிடும் முன் அந்தக் குழந்தையை நினைக்க வேண்டும்.

இதனால்தான் ஹைப்ரிட் முறை எனக்குப் பிடித்தது. ஆட்டம் கணினியில்; ஆனால் ஆட்டக்காரர் வீட்டில் அல்ல, தன் ஊர் அரங்கில், நேரில் நிற்கும் நடுவரின் கண்முன். எல்லையும் தாண்ட வேண்டாம், கேமராவை மட்டும் நம்பவும் வேண்டாம். 2021 உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிப் போட்டி இப்படித்தான் நடந்தது. செலவு அதிகம், ஊருக்கு ஊர் நடுவரும் கணினியாளும் வேண்டும். பயணத் தடை நீங்கியதும் பலரும் இதை மறந்துவிட்டார்கள் என்பது வருத்தமே.

நேரடி ஆட்டம் திரும்பியபோதும் நிம்மதி இல்லை. 2021 ஜூலையில் சோச்சியில் நடந்த உலகக் கோப்பையில், அமெரிக்காவின் கருவானாவுடன் ஆடிக்கொண்டிருந்த இந்தோனேசிய வீரர் மெகரந்தோவுக்குத் தொற்று உறுதியாகி ஆட்டம் பாதியில் நின்றது. சோதனை முடிவு ஆட்டம் தொடங்கும் முன் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் எதிரே உட்கார்ந்தவரும் ஆபத்தில். அந்த ஆண்டு உலக ரேபிட், பிளிட்ஸ் போட்டியைக் கடைசி நேரத்தில் கஜகஸ்தானிலிருந்து வார்சாவுக்கு மாற்றினார்கள். மாஸ்கோவில் நடக்கவிருந்த ஒலிம்பியாட், உக்ரைன் போருக்குப் பின் அங்கிருந்து விலகி, 2022 ஜூலையில் மாமல்லபுரத்துக்கு வந்தது. பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162. தயாராகக் கிடைத்தது நான்கு மாதம்தான்.

யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு விதியும் உண்டு. 2022 கேண்டிடேட்ஸுக்கு ரேட்டிங் எனப்படும் தரப்புள்ளி வழியாகத் தகுதி பெற, குறிப்பிட்ட ஓராண்டுக்குள் 30 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும். பயணக் கட்டுப்பாடுகளால் டிங் லிரென் ஆடியிருந்தவை நான்கே. தகுதி பெற்றிருந்த ரஷ்யாவின் கர்யாகின் தடைசெய்யப்பட்டு ஓர் இடம் காலியானபோது, சீன சங்கம் அவசரமாகப் போட்டிகளை ஏற்பாடு செய்ய, அவர் ஒரு மாத அளவில் 28 ஆட்டங்கள் ஆடினார். உள்ளே வந்தார், இரண்டாமிடம் பெற்றார், கார்ல்சன் பட்டத்தைக் காக்க மறுத்ததால் 2023 ஏப்ரலில் அஸ்தானாவில் உலகச் சாம்பியனானார். வலுவான சங்கம் பின்னால் இருந்ததால் அவருக்கு அது முடிந்தது. எல்லை மூடிய ஒரு சிறிய நாட்டில் அவர் பிறந்திருந்தால் 28 ஆட்டங்களுக்கு எதிராளிகளே கிடைத்திருக்க மாட்டார்கள். அரசுக் கட்டுப்பாட்டால் நாட்டைவிட்டு வெளியேற முடியாத மாதங்களைக் கணக்கிட்டு, ஆட்ட எண்ணிக்கையை அதே விகிதத்தில் குறைக்கும் ஒரு வரியை அந்த விதியில் சேர்த்திருக்க வேண்டும்.