பவர் போடுவதற்கு முன்: ஆப்டோமெட்ரி செய்முறைத் தேர்வில் நான் சறுக்கிய இடம்

கண்பார்வையை அளந்து கண்ணாடி எழுதும் ஆப்டோமெட்ரி படிப்பின் மூன்றாமாண்டு செய்முறைத் தேர்வில் எனக்கு வாய்த்தவர் 62 வயதுப் பெரியவர். உட்கார்ந்ததுமே, "தம்பி, இத்தனை வருஷமாகப் போட்ட வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். இப்போது வெறும் கண்ணாலேயே பேப்பர் படிக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டத் தொடங்கினேன். பாதித் தேர்வு அங்கேயே போய்விட்டது.

தூரப்பார்வை 6/36; அதாவது, இயல்பான கண் 36 மீட்டரில் படிப்பதை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார். கண்ணுக்குள் ஒளியை அசைத்து, அங்கே தெரியும் நிழலின் அசைவைப் பார்த்துப் பவர் கணிக்கும் ரெட்டினாஸ்கோப்பில் மைனஸ் 2.50 வந்தது. லென்ஸைப் போட்டால் 6/12. அதற்குக் கீழே ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கால் பவர் கூட்டினேன், குறைத்தேன், சிலிண்டரை (ஒரு திசையில் மட்டும் பவர் உள்ள லென்ஸை) திருப்பினேன். இருபது நிமிடம் போனது. கடைசியில் 'கிட்டப்பார்வை' என்று எழுதிக் கொடுத்தேன். புறத்தேர்வாளர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "62 வயதில் புதிதாகக் கிட்டப்பார்வை எங்கிருந்து வந்தது?"

விடையைப் பெரியவர் முதல் வாக்கியத்திலேயே கொடுத்திருந்தார். விழிலென்ஸின் நடுப்பகுதி இறுகும் வகைக் கண்புரையில் கண் மைனஸ் பக்கம், அதாவது கிட்டப்பார்வைப் பக்கம், நகரும்; அதனால் கிட்டத்தில் உள்ளது சில காலம் கண்ணாடியில்லாமலே தெரியும். சர்க்கரை ஏறினாலும் பவர் இப்படி மாறலாம். ஆகவே சர்க்கரை உண்டா என்று கேட்காமல் கண்ணாடி எழுதக் கூடாது. அது கட்டுக்குள் வராதபோது எழுதிய கண்ணாடி அடுத்த மாதமே பொருந்தாமல் போகலாம்.

கண்ணாடி போட்டும் 6/12-இல் நின்றதும் நான் பின்ஹோலை (நடுவில் சிறு துளை உள்ள தகட்டை) எடுத்திருக்க வேண்டும். அந்தச் சிறு துளை வழியே பார்வை மேலும் தெளிந்தால் பவரில் இன்னும் வேலை இருக்கிறது. தெளியவில்லையென்றால் விழிலென்ஸ், விழித்திரை, நரம்பு என்று சந்தேகிக்க வேண்டும். கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரை நிமிட வேலை.

மாதிரித் தேர்வில் செய்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். 66 சென்டிமீட்டர் தூரத்தில் ரெட்டினாஸ்கோப் பார்த்தால், வந்த விடையில் 1.50 கழிக்க வேண்டும். மைனஸ் 1.50 உள்ள மாணவிக்கு எந்த லென்ஸும் இல்லாமலே நிழல் அசையாமல் நின்றது; விடை பூஜ்யம். அதில் 1.50 கழிக்க மறந்து நான் 'பவர் இல்லை' என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு கயிற்றை 66-இல் முடிச்சுப் போட்டு, விடுதி அறையில் விளக்கணைத்து நண்பர்களின் கண்களில் பழகினேன். என் கை தானாகவே முன்னால் போய்விடுகிறது என்பதைக் கயிறுதான் காட்டிக்கொடுத்தது.

குழந்தை வந்தால், மருந்து விட்டுக் கண்ணின் குவியத்தைத் தளர்த்திய பிறகே பவரை நம்புங்கள். கண் அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு என்று ஒப்பித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அந்த எல்லைக்குள்ளேயே கிளாக்கோமா (பார்வை நரம்பைச் சேதப்படுத்தும் நோய்) வரக்கூடும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் அடுத்த கேள்வி பெரும்பாலும் அதுதான்.

அந்தப் பெரியவரைக் கண்புரைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எழுந்தவர், "அப்படியென்றால் பேப்பர் படிக்க மறுபடியும் கண்ணாடி வேண்டுமா தம்பி?" என்று கேட்டார். அறுவைக்குப் பிறகு அநேகமாக வேண்டியிருக்கும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.