எழுத்தில் கொடுங்கள்: ஒன்பதாம் வகுப்பு நாட்குறிப்பு, ஆர்.கே.புரம், டெல்லி

ஜூலை 3, 2025, வியாழன்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு கூப்பிட்டுவிட்டார்கள். ஆட்டிசம் உள்ள என் பெரியவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஏப்ரலிலிருந்தே ஜாடைமாடையாகப் பேசிக்கொண்டிருந்ததை இன்று ஒருங்கிணைப்பாளர் நேராகவே சொன்னார். ஒன்று, வகுப்பில் அவன் கூடவே இருந்து உதவ எங்கள் செலவில் ஒரு ஷேடோ டீச்சரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வாரத்தில் மூன்று நாள் மட்டும் அனுப்பினால் போதும், அடுத்த வருடம் போர்டு தேர்வு வேறு வருகிறது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். பற்றி யோசித்தீர்களா, அவனுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. எல்லாம் சிரித்த முகத்தோடுதான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. "இதை எழுத்தில் கொடுங்கள்." உடனே முகம் மாறிவிட்டது. எதற்கு அதெல்லாம், நாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்றார்.

அவர்கள் தரமாட்டார்கள் என்று தெரியும். அதனால் வீட்டுக்கு வந்து நானே எழுதினேன்: "இன்று காலை சந்திப்பில் நீங்கள் கூறியதாக நான் புரிந்துகொண்டவை இவை. ஏதாவது தவறாக இருந்தால் மூன்று நாளில் திருத்தி எழுதவும்." பிரின்சிபாலுக்கு மின்னஞ்சல், ஒருங்கிணைப்பாளருக்கு நகல். வாயால் சொன்னதற்குத் தேதியும் கிடையாது, பொறுப்பும் கிடையாது. நாம் எழுதி அனுப்பிவிட்டால் இரண்டும் வந்துவிடும்.

ஜூலை 6, ஞாயிறு

மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போயிருந்தோம். வழக்கம்போல மயூர் விஹார் அக்கா வந்திருந்தார்கள். அவருடைய மகனுக்கும் ஆட்டிசம், இப்போது வயது இருபத்தேழு. படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எங்க காலத்துல சண்டை போடக் கையில ஒரு சட்டம் கூட இல்லம்மா" என்றார்.

உண்மைதான். ஊனமுற்றோருக்கான 1995 சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள்தான் இருந்தன, ஆட்டிசம் அதில் கிடையாது. அவர் மகனுக்குச் சான்றிதழ் வாங்கப் போனபோது மனவளர்ச்சி குன்றியவன் என்றுதான் எழுதிக் கொடுத்தார்களாம், அதை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளியில் போய் என்ன கேட்பது? 1999-இல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயர் வந்தது, ஆனால் பள்ளிக்கூட வாசலைத் திறக்க அது போதவில்லை. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து ஊனங்களின் பட்டியல் 21 ஆனபோதுதான் ஆட்டிசத்துக்கு முழு இடம் கிடைத்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில், அதற்குள் அக்காவின் மகனுக்குப் பள்ளி வயதே தாண்டிவிட்டது.

பதினெட்டு ஆனதும் பிள்ளைக்குச் சட்டப்படி காப்பாளர் யார் என்பதற்கு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி அமைந்த உள்ளூர்க் கமிட்டியில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பெற்றவர்கள் என்பதால் தானாக வந்துவிடாது என்பதையும் அக்கா ஞாபகப்படுத்தினார். இன்னும் நாலு வருடம் இருக்கிறது. குறித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

என் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இன்று பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் பிரின்சிபாலைப் பிடித்தேன். அவர் சொன்னது: கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு முடிகிறது, உங்கள் மகனுக்குப் பதினான்கு முடிந்துவிட்டது, அதற்குமேல் பள்ளியின் வசதியைப் பொறுத்துத்தான்.

இதைப் பல பெற்றோர் நம்பிவிடுகிறார்கள், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். பதினான்கு என்பது 2009-இன் அந்தக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பிரிவு 31 இருக்கிறது, நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, எது வேண்டுமோ அதில் இலவசக் கல்வி. எது என்பதைத் தேர்ந்தெடுப்பது நாம், பள்ளி இல்லை. கட்டணம் கட்டிப் படிக்கிற எங்களுக்கு அதைவிட நேராகப் பொருந்துவது பிரிவு 16. அரசு நிதி பெறும் பள்ளிக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும், அதாவது தனியார் பள்ளிக்கும், அது பொருந்தும். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும், தனிப்பட்ட உதவி தர வேண்டும் என்கிறது. ஷேடோ டீச்சர் இல்லாவிட்டால் வராதே என்று சொல்ல அதில் எங்கும் இடம் இல்லை.

பிரின்சிபால் கெட்டவர் இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவருக்குத் தெரியாததற்கு என் பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் உட்கார முடியாது.

இரவு கடிதம் தயார் செய்தேன். அழுகை, கெஞ்சல் எதுவும் இல்லாமல் ஒன்றரைப் பக்கம். யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல், ஆட்டிசத்தை அளவிடும் ஐசா மதிப்பீட்டு அறிக்கை, எந்தெந்தப் பிரிவு, என்ன கேட்கிறேன், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். கீழே "நகல்: மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்" என்று சேர்க்கலாமா என்று கேட்டேன், என் கணவர் வேண்டாம் என்றார், அடுத்த கடிதத்துக்கு அதை வைத்துக்கொள் என்று. சரி என்று பட்டது. அலுவலகக் கடிதங்களோடேயே காலம் தள்ளுகிறவர், அந்தச் சூட்சுமம் அவருக்குத் தெரியும்.

ஜூலை 19, சனி

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரைக்காக அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது, பரவாயில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பேசினார்கள். வாரத்தில் மூன்று நாள் என்ற பேச்சு போய்விட்டது. ஷேடோ பேச்சு இன்னும் முழுசாகப் போகவில்லை. பள்ளியில் ஒரே ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர், அதாவது சிறப்புக் கல்வி ஆசிரியர், எல்லா வகுப்புக்கும் அவரேதான், பாவம் அவரும் என்ன செய்வார். 2021 அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. அதை எடுத்துச் சொன்னேன். நிர்வாகத்திடம் பேசுவதாகச் சொன்னார்கள்.

அவனுக்கென்று தனியாக எழுதும் கல்வித் திட்டமான ஐ.இ.பி.யை எடுத்துப் பார்த்தோம். போன வருடத்துத் தாள், பெயர் மட்டும் இவனுடையது. "வகுப்பில் கவனம் மேம்படும்." "சமூகத் திறன் வளரும்." யார் மேம்படுத்துவார்கள், எப்போது, மேம்பட்டதா என்று எப்படிப் பார்ப்பது? ஒவ்வொரு வரியாக மாற்றச் சொன்னேன். இப்போது அதில் இப்படி இருக்கிறது: பீரியட் மாறும்போது மேஜையில் ஒட்டிய கால அட்டவணையைப் பார்த்து, யாரும் சொல்லாமல் அடுத்த பாடத்தின் நோட்டை எடுப்பான், பத்தில் எட்டு முறை, செப்டம்பர் முடிவுக்குள், குறித்து வைப்பவர் வகுப்பாசிரியர். காதை மூடும் ஹெட்ஃபோன் பையில் இருக்கும், மணி அடிக்கும் முன் போட்டுக்கொள்ள அனுமதி கேட்க வேண்டியதில்லை. உட்காரும் இடம் மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாமல் ஓரத்தில்.

மின்விசிறி விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால் தலைக்கு மேல் கடகடவென்று ஓடும் அந்தச் சத்தத்தில் அவனால் ஆசிரியர் குரலைப் பிரித்தெடுக்க முடிவதில்லை, நாலாவது பீரியடில் மேஜையைத் தட்ட ஆரம்பிக்கிறான், அதைத்தான் இவர்கள் ரெஜிஸ்டரில் "நடத்தைப் பிரச்சினை" என்று எழுதி வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பள்ளிக்கு வரும் கவுன்சிலர் இன்று போனில்: வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இவ்வளவு மொழி அவனைக் குழப்புகிறது.

மாட்டேன் என்று சொன்னேன். அவன் தானாக வாய் திறந்து பேசுவது என் மாமியாரிடம்தான், அதுவும் தமிழில். சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுக்கும்போது, "பாட்டி, இன்னிக்கு பஸ்ல மூணாவது சீட்டு" என்று தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்வான். அதை நான் எடுத்துவிட்டால் அவனுக்கு வீட்டில் யார் மிச்சம்? இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகளும் காட்டுகின்றன. பள்ளியில் மொழிச் சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் அதற்கு அதே 2016 சட்டத்தில் பிரிவு 17 இருக்கிறது, இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு கேட்கலாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அறிவியல் யூனிட் டெஸ்ட் தாள் வந்தது. ஒரு கேள்வி: "கேன் யூ நேம் டூ ஆர்கனெல்ஸ் தட் ஹேவ் தேர் ஓன் டி.என்.ஏ.?" அதாவது, சொந்த டி.என்.ஏ. உள்ள இரண்டு செல் உறுப்புகளின் பெயரை உன்னால் சொல்ல முடியுமா? இவன் அழகான கையெழுத்தில் "யெஸ்" என்று எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்திருக்கிறான். பூஜ்யம்.

சாப்பிடும்போது கேட்டேன். "மைட்டோகாண்ட்ரியா, பிளாஸ்டிட்" என்றான், தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்று எழுதினான். கேள்விக்குச் சரியான பதில் அதுதானே.

தாளைப் படம் எடுத்து ஆசிரியைக்கு அனுப்பினேன், மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்லி அல்ல. "பெயரிடுக", "எழுதுக", "விளக்குக" என்று நேராகத் தொடங்கும் கேள்விகளாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அரை மணியில் பதில் வந்தது, இனி அப்படியே கொடுக்கிறேன், மற்ற பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது என்று. இந்த ஆசிரியைக்கு என் வணக்கம். உடனே ஐ.இ.பி.யில் அதையும் சேர்க்கச் சொன்னேன், அடுத்த வருடம் வேறு ஆசிரியை வருவாரே.

செப்டம்பர் 19, வெள்ளி

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. சி.பி.எஸ்.இ. போர்டு தேர்வில் மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம். அதைப் பள்ளித் தேர்விலும் கேட்டு வாங்கியிருந்தோம், தரைத்தளத்தில் தனி அறையோடு. கணக்குத் தாளில் கூடுதல் நேரத்தை முழுக்க உபயோகித்திருக்கிறான். சமூக அறிவியலில் பாதி நேரத்திலேயே எழுந்துவிட்டானாம், அவனுக்கு அந்தப் பாடம் பிடிக்காது, அதற்கு எந்தச் சட்டமும் உதவாது.

அக்டோபர் 9, வியாழன்

ஒன்பதாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. பதிவு. சிறப்புத் தேவை என்ற கட்டத்தைப் பள்ளி சரியாக நிரப்பியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்தேன், இங்கே தவறினால் பத்தாம் வகுப்பில் சலுகை கேட்கும்போது அலைய வேண்டிவரும். ஒரு மொழி, அதோடு நான்கு பாடங்கள் என்று எடுக்கும் வாய்ப்பு இவர்களுக்கு உண்டு. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், ஓவியம் என்று முடிவு செய்தோம். ஹிந்தியை விட்டுவிட்டோம்.

என்.ஐ.ஓ.எஸ். மட்டம் என்று நான் சொல்லவே இல்லை. ஐந்து வருடத்துக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம், எத்தனையோ பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். நாங்களே ஒரு நாள் அதைத் தேர்ந்தெடுக்கலாம். பள்ளியின் ரிசல்ட்டைக் காப்பாற்ற எங்களைத் தள்ளிவிடுவது வேறு.

இரண்டாவது ஸ்பெஷல் எஜுகேட்டருக்கு விளம்பரம் கொடுத்திருப்பதாகப் பள்ளி எழுத்தில் தெரிவித்திருக்கிறது. ஆள் இன்னும் வரவில்லை.

நேற்று ராத்திரி ஒரு அம்மா போன் செய்தார், இதே பள்ளி, மகள் ஆறாம் வகுப்பு. ஷேடோ டீச்சர் இல்லாமல் அனுப்பாதீர்கள் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள், அவர் ஒரு வாரமாக வீட்டிலேயே வைத்திருக்கிறார். நாளையே அனுப்புங்கள், தடுத்தால் யார் தடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள் என்றேன். என் ஜூலைக் கடிதத்தை எடுத்து, இவன் விவரங்களை நீக்கி அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு இருவருமாகப் போகிறோம், கடிதம் அவர் பெயரில், இந்த முறை ஆணையருக்கு நகலோடு.