முதன்முதலாகக் கண் காட்ட வருகிறவர்களுக்கு

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் 14 ஆண்டுகளாகப் பார்வைப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு டி.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பயிற்சிக்கு வந்தவள். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் நோயாளி வந்து உட்காருவது எங்கள் நாற்காலியில்தான் என்பதால், முதல் முறை வருகிறவர்களின் பயத்தை முதலில் பார்ப்பவர்களும் நாங்கள்தான். இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. கண்ணைக் காட்ட வருகிறவர்களில் பெரும்பாலோர் பரீட்சை எழுதத்தான் வருகிறார்கள். எப்படியாவது தேறிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அந்த எழுத்துப் பலகையின் முன் உட்காருகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, செல்லம்பட்டிப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஐந்தாவது வரிவரைக்கும் தங்கு தடையில்லாமல் சொன்னார். நானும் வலது கண்ணில் நல்ல பார்வை என்று சீட்டில் எழுதி அனுப்பிவிட்டேன். சிறிது நேரத்தில் மருத்துவர் அவரைத் திருப்பி அனுப்பினார்; வலது கண்ணில் புரை நன்றாக முற்றியிருந்தது. இந்த முறை கையை விலக்கச் சொல்லி, அட்டையால் இடது கண்ணை முழுவதுமாக மறைத்துக் கேட்டபோது, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பெரிய எழுத்துகூட அவருக்குத் தெரியவில்லை. முதலில் விரலிடுக்கு வழியாக இடது கண்ணால் பார்த்திருக்கிறார். பெஞ்சில் காத்திருந்தபோது மற்றவர்கள் வாசித்ததையும் காதில் வாங்கி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "தெரியலன்னு சொன்னா உடனே ஆபரேசன்னு சொல்லிருவாகளோன்னு பயமா இருந்துச்சு தாயி" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஒருவரையும் கையால் கண்ணை மூட நான் விடுவதில்லை.

ஆறு மீட்டர் தூரத்தில் வைக்கும் அந்தப் பலகையை 1862-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்னெலன் என்ற கண் மருத்துவர் உருவாக்கினார். 6/60 என்று நாங்கள் எழுதினால், நல்ல கண்ணுள்ளவர் 60 மீட்டரிலிருந்து பார்க்கக்கூடிய எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்கிறார் என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மூன்று கால் உள்ள வடிவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். 'படிக்கத் தெரியாதே, அங்கே போய் என்ன செய்வது' என்று வராமலே இருப்பவர்களை முகாம்களில் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் தேவையே இல்லாதது.

வீட்டிலேயே செய்துகொண்டு வரக்கூடிய நல்ல ஆயத்தம் ஒன்று உண்டு. சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டிக்கு எதிரே, எப்போதும் நிற்கும் தூரத்தில் நின்று, ஒரு கண்ணை அழுத்தாமல் மூடித் தேதியைப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டதை எங்கள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகே தெரிந்துகொண்டு திகைத்தவர்கள் பலர். எந்தக் கண், எத்தனை நாளாக, தூரத்திலா கிட்டத்திலா, கலங்கலா இரட்டையா என்று நான்கு வார்த்தை சொல்ல முடிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

எழுத்தெல்லாம் தெரிந்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்பதும் சரியல்ல. மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், தம்பியோடு வந்தார். இரண்டு கண்ணிலும் 6/6. மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று வழக்கம்போல் கேட்டேன்; இல்லை என்றார். கண் அழுத்தம் பார்த்தபோது வலது கண்ணில் 38 காட்டியது. பொதுவாக 10-லிருந்து 21-க்குள் இருக்க வேண்டியது. மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, "சொட்டு ஏதும் விடுகிறாரா என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். "அது விடுறதுதானம்மா, சாப்பிடலையே" என்று சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் அளவுக் குப்பி ஒன்றை எடுத்தார். வியர்வையில் ஊறி லேபிள் பாதி உரிந்திருந்தது. மிச்சமிருந்த பாதியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துப் பெயரின் முன்பகுதி தெரிந்தது. தூசியால் கண் சிவக்கிறது என்று ஒரு மருந்துக் கடையில் சொல்லியிருக்கிறார். சீட்டு இல்லாமலே கொடுத்திருக்கிறார்கள். விட்டதும் சிவப்பு போய்க் குளுகுளுவென்று இருந்ததால், ஒரு வருடமாகச் சிவக்கும்போதெல்லாம் வாங்கி விட்டிருக்கிறார். ஸ்டீராய்டு கலந்த சொட்டு சிலருக்குக் கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற வழியைத் தடுத்து அழுத்தத்தை ஏற்றிவிடும், வலி இருக்காது, நேரே பார்க்கும் பார்வை கடைசிவரை நன்றாக இருக்க, ஓரப் பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப்போகும். அவருக்கு அப்படிப் போனது திரும்பி வராது. அவர் பொய் சொல்லவில்லை. தமிழில் மருந்து என்பது சாப்பிடுவது, சொட்டு என்பது விடுவது. கேள்வியைத் தப்பாகக் கேட்டது நான்தான். இப்போது "கண்ணில் என்னவெல்லாம் விட்டீர்கள்?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவானாலும் தயங்காமல் சொல்லுங்கள், திட்டுவதற்காகக் கேட்கவில்லை. காலியான குப்பியாக இருந்தாலும் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள்.

சாப்பிடும் மருந்துகளின் சீட்டும் வேண்டும். வயதான ஆண்கள் சிறுநீர் தடையில்லாமல் போவதற்குச் சாப்பிடும் டாம்சுலோசின் மாத்திரையை, பக்கத்தில் மருமகள் நிற்கும்போது என்னைப் போன்ற ஒரு பெண்ணிடம் சொல்லக் கூசுகிறார்கள். அந்த மாத்திரை, புரை அறுவைச் சிகிச்சையின்போது கருவிழித் திரையைத் துவளச் செய்யும் என்பது 2005-இல்தான் கண்டறியப்பட்டது. முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ப ஆயத்தமாவார். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மாத்திரை அட்டையை நீட்டினால் போதும்.

சர்க்கரை உள்ளவர்கள் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவர வேண்டும். சர்க்கரை மிகவும் ஏறியிருக்கும் நாட்களில் கண்ணின் பவரே மாறிவிடும். அந்த நிலையில் வாங்கிய கண்ணாடி சர்க்கரை இறங்கியதும் பொருந்தாமல் போகும். எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, ரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்துக் காலையில் பட்டினியாகவே வந்து வரிசையில் மயங்கிச் சரிகிறவர்களைப் பார்ப்பதுதான். முதல் முறை கண் காட்டுவதற்குப் பட்டினி தேவையில்லை. வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கண்பாவையை விரிக்கும் சொட்டைப் பற்றி வீட்டிலேயே தெரிந்துகொண்டு வருவது நல்லது. விட்டதும் சற்று எரியும். கண்பாவை விரிய அரை மணி நேரமாவது ஆகும். அதன் பிறகு பல மணி நேரம் கிட்டத்துப் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். மதிய வெயிலில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் போர்டை வாசிக்க முடியாமல் ஒவ்வொரு பேருந்தாகக் கேட்டுக்கொண்டு நிற்கிற நிலை ஒருவருக்கும் வரக் கூடாது. டூவீலரை நீங்களே ஓட்டிவராமல், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, அரை நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். சிறு பிள்ளைகளுக்குச் சில சமயம் அட்ரோபின் களிம்பு மூன்று நாள் போடச் சொல்வார்கள். அதன் மங்கல் இரண்டு வாரம்வரைகூட நீடிக்கலாம் என்பதால், அவசரம் இல்லாவிட்டால் பள்ளித் தேர்வுக்கு முந்தைய நாட்களைத் தவிர்ப்பது பிள்ளைக்கு நல்லது. பெற்றோரில் யாருக்காவது சிறு வயதிலேயே கண்ணாடியோ மாறுகண்ணோ இருந்ததா என்பதையும், வீட்டில் கண் அழுத்த நோய் யாருக்காவது உண்டா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

பழைய கண்ணாடி கால் உடைந்ததாக இருந்தாலும் வேண்டும். காதுப் பக்கம் கறுப்பு நூல் சுற்றிய கண்ணாடியை வெளியே எடுக்க வெட்கப்பட்டு மடியிலேயே வைத்திருந்த பெரியவர் ஒருவர் உண்டு. அதைக் கருவியில் வைத்து முன்பிருந்த பவரை அளந்த பிறகுதான், புதிதாகக் கண்ட பவர் எவ்வளவு வேகமாக மாறியிருக்கிறது என்பதும், அது புரையால் வந்த மாற்றம் என்பதும் புரிந்தன.

இவ்வளவும் நிதானமாக வருகிறவர்களுக்குச் சொன்னது. திடீரென்று பார்வை போனாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டித் திரை இறங்கினாற்போல் இருந்தாலோ, கதிரடிக்கும்போது நெல் உமியோ கரும்புச் சோகையோ பட்டு வலித்தாலோ, எந்த ஆயத்தமும் வேண்டாம். அன்றைக்கே வந்துவிட வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு பிள்ளையின் கண்ணில் தெறித்துவிட்டால் மட்டும் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: சொட்டு, எண்ணெய் எதையும் தேடாமல், இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். சட்டை நனைந்தால் நனையட்டும். மாற்றிக்கொண்டிருக்காமல் அந்த ஈரத்தோடே தூக்கிக்கொண்டு வாருங்கள். சீட்டுப் பதிவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.