அக்காவுக்குக் கார் உண்டு, அம்மாவுக்கு இல்லை

கடந்த மாதம் லண்டன் ஹரோவில் உறவினர் வீட்டுப் பிறந்தநாள் விழா ஒன்றுக்கு அக்காவை அழைத்துச் சென்றிருந்தேன். வாசலில் நின்ற காரைப் பார்த்த பெரியவர் ஒருவர், "நீங்கள் குடுத்து வைச்சனீங்கள், அரசாங்கமே புதுக் கார் தருகுது" என்றார். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் பதினொரு ஆண்டுகளாக மல்ட்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோயோடு வாழும் அக்கா, அதன்பின் விழா முடியும்வரை யாரோடும் அதிகம் பேசவில்லை. அன்றிரவு முதல், உடல் இயலாதோருக்குக் கார் கிடைக்க வழிசெய்யும் இந்த ஏற்பாடு நியாயமானதா என்ற கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரித்தானிய அரசு யாருக்கும் காரைக் கையில் கொடுப்பதில்லை. இயலாமையோடு வாழ்வோருக்கு அரசு வழங்கும், 'பிப்' என்று எல்லோரும் அழைக்கும் கொடுப்பனவில் நடமாட்டத்துக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் உயர்ந்த தொகை 2025-26இல் வாரத்துக்கு 77.05 பவுண்டு. அதைப் பெறுபவர் பணமாக வைத்துக்கொள்ளலாம், டாக்சிக்குச் செலவிடலாம், அல்லது மோட்டபிலிட்டி திட்டத்துக்கு எழுதிக்கொடுத்துப் பெரும்பாலும் மூன்று ஆண்டுக் குத்தகைக்குக் கார் ஒன்றைப் பெறலாம். காப்புறுதி, பராமரிப்பு, டயர் மாற்றம், வழியில் நின்றுவிட்டால் உதவி எல்லாம் அந்தக் குத்தகைக்குள் அடங்கும். காலம் முடிந்ததும் காரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அக்கா தன் பெயரில் வரும் ஏறத்தாழ 4,000 பவுண்டை ஆண்டுதோறும் அப்படியே விட்டுக்கொடுக்கிறார். அந்தப் பணம் எங்கள் வங்கிக் கணக்கை எட்டிப் பார்ப்பதே இல்லை.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதை அறியும்போது என் மனம் இன்னும் அழுத்தமாக இதன் பக்கம் சாய்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இயலாதோருக்கு அரசு கொடுத்தது 'இன்வாகார்' என்ற வெளிர்நீல மூன்று சக்கர வண்டி. அதில் ஒரேயொரு இருக்கை. கால்கள் செயலற்ற தாய் ஒருத்தி அதை ஓட்டலாம். ஆனால் தன் பிள்ளையை அதில் ஏற்றிச் செல்ல முடியாது. காற்று பலமாக வீசினால் கவிழ்ந்துவிடும் என்ற அச்சத்தோடுதான் பலர் அதை ஓட்டினர். 1976இல் நடமாட்டக் கொடுப்பனவு அறிமுகமானது. அடுத்த ஆண்டே, அந்தப் பணத்தைச் சாதாரணக் காராக மாற்றிக்கொள்ள வழிசெய்யும் கொடையமைப்பாக மோட்டபிலிட்டி உருவானது. இன்வாகார்கள் 2003ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியோடு வீதிகளிலிருந்து முற்றாக அகற்றப்பட்டன. தூரத்தில் வரும்போதே "இயலாதவர் வருகிறார்" என்று அடையாளம் காட்டிய வண்டியிலிருந்து, அயலவரின் காரைப் போன்ற காருக்கு மனிதர்களை நகர்த்தியதே இந்தத் திட்டத்தின் பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன். காரைப் பார்த்து இன்று எழும் பொறாமையும், அது மற்றவர்களுடையதைப் போலவே இருப்பதால் வருவதுதான்.

பொதுப் போக்குவரத்தில் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் படியேறாமல் மேடைக்குச் செல்லக்கூடியவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பஸ்களில் சாய்தளம் இருக்கிறது. ஆனால் சக்கர நாற்காலிக்கு வழக்கமாக ஒரே இடம்தான், அதில் குழந்தைத் தள்ளுவண்டி நின்றால் அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். 2012இல் டக் பாலி என்பவர் இவ்வாறே ஏற முடியாமல் போய், வழக்குத் தொடுத்து, 2017இல் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. ஓட்டுநர் வெறுமனே ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுவது போதாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் இடத்தைக் காலிசெய்யும்படி மற்றப் பயணியைக் கட்டாயப்படுத்தும் அளவுக்கு அந்தத் தீர்ப்பு செல்லவில்லை. அக்கா தன் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்வதை இப்படிப்பட்ட தற்செயல்களிடம் ஒப்படைக்க முடியாது.

எதிர்த்தரப்பின் வாதங்கள் எல்லாவற்றையும் நான் தள்ளிவிடவில்லை. நாட்டில் விற்பனையாகும் புதிய கார்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இந்தத் திட்டத்தின் வழியே போகிறது என்றால், அதன் கணக்கைக் கேட்க வரி செலுத்துபவருக்கு உரிமை உண்டு. 2018இல் தேசியக் கணக்காய்வு அலுவலகம் ஆராய்ந்தபோது, திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் கையிருப்பு 260 கோடி பவுண்டுக்கும் மேலாக வளர்ந்திருந்தது தெரியவந்தது. தலைமை நிர்வாகியின் ஊக்கத்தொகை பற்றிக் கடும் கண்டனம் எழுந்து, அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். அந்தக் கண்டனம் நியாயமானது. விலையுயர்ந்த கார்களைப் பொறுத்தவரை, அதிகப்படியான விலையைப் பயனாளி தன் கைக்காசிலிருந்து முற்பணமாகச் செலுத்தினார் என்பது உண்மைதான். ஆனால் அந்த முற்பணத்துக்கும் வற் (VAT) எனும் பெறுமதி சேர் வரியில் சலுகை இருந்ததால், காரின் விலை ஏற ஏற அரசு இழந்த வரியும் ஏறியது. 2025 நவம்பரில் பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் போன்றவை திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. அதே மாத வரவுசெலவுத் திட்டத்தில், 2026 ஜூலை முதல் முற்பணத்துக்கான வற் சலுகையும் காப்புறுதி வரிச் சலுகையும் விலக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. முற்பணத்தைப் பற்றிய முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது; ஆனால் காப்புறுதி மீதான வரி மிக எளிய காரைத் தெரிவுசெய்பவரின் மீதும் விழும் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இந்தச் சர்ச்சை முழுவதும் காரின் முகப்பில் இருக்கும் இலச்சினையைச் சுற்றியே நடந்தது. எங்கள் வீட்டில் நான் கண்ட அநியாயங்கள் இரண்டும் வேறு இடத்தில் இருக்கின்றன.

ஒன்று, அளவுகோல். பிப் மதிப்பீட்டில், எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்ற அளவுகோலின்படி 20 மீற்றருக்கு மேல் நடக்க முடியாதவருக்கே 12 புள்ளிகளும் உயர்ந்த தொகையும் கிடைக்கும். ஊன்றுகோலோடு 50 மீற்றர் வரை நடப்பவருக்கு 10 புள்ளிகள்தான். இரண்டு புள்ளி குறைந்தால் கார் இல்லை. அந்தத் தூரத்தைப் பாதுகாப்பாகவும், மீண்டும் மீண்டும், நியாயமான நேரத்துக்குள்ளும் நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் விதிதான். 2021இல் அக்காவை மீள்மதிப்பீடு செய்தவர், அவர் ஒருமுறை எழுந்து நடந்ததை எழுதினார்; அதன்பின் அன்று முழுவதும் படுக்கையில் கிடந்ததை எழுதவில்லை. கார் திருப்பி எடுக்கப்பட்டது. தீர்ப்பாயம் அந்த முடிவை மாற்றும்வரை ஒன்பது மாதங்கள் அத்தான் அரைநாள் வேலைதான் செய்தார்; ஏனென்றால் பிள்ளைகளைக் கூட்டிவர வேறு யாரும் இல்லை. தீர்ப்பாயம் வரை செல்லும் பிப் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை விண்ணப்பித்தவருக்குச் சாதகமாக முடிகின்றன. அங்குவரை செல்லத் தெம்பில்லாதவர்களை எண்ணிப் பார்க்கிறேன்.

மற்றையது, வயது. அம்மாவுக்கு 68 வயதில் பாரிசவாதம் வந்தது. இடது கால் இழுபடுகிறது. படலையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை அவரால் போக முடியாது. இன்றைய விதிப்படி அரச ஓய்வூதிய வயதை (2025இல் அது 66) எட்டிய பிறகு இயலாமை ஏற்பட்டால் பிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. பராமரிப்புக்கான வேறொரு கொடுப்பனவு உண்டு, ஆனால் அதில் நடமாட்டத்துக்கென்று ஒரு பென்னிகூட இல்லை. இதே பாரிசவாதம் அம்மாவுக்கு 65 வயதில் வந்திருந்து, அவர் அப்போதே விண்ணப்பித்திருந்தால், ஓய்வூதியம் பெறும் காலத்திலும் அந்த உதவி தொடர்ந்திருக்கக்கூடும். எந்த ஆண்டு மூளையில் இரத்தம் கட்டியது என்பதைப் பொறுத்து ஒருவருடைய உலகத்தின் அகலம் தீர்மானிக்கப்படுவதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை. ஆடம்பரக் கார்களைப் பற்றிப் பேசிய அரசியல்வாதிகளில் ஒருவராவது இதைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தேன்.

அக்காவின் கார் அக்காவின் நன்மைக்காக மட்டுமே ஓட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதை நாங்கள் மதிக்கிறோம். அதனால் ஒவ்வொரு மூன்றாம் செவ்வாய்க்கிழமையும் அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக மினிகேப் அழைக்கிறோம். வாசலில் அந்தக் கார் நிற்க, அதைக் கடந்து, ஊன்றுகோலை ஒரு கையிலும் என் தோளை மறு கையிலும் பிடித்தபடி அம்மா வீதிவரை நடக்கிறார்.